அம்மி தேய்ந்தால் கொத்தினோம், மிக்சி நின்றால்?

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? ஒரு முறை ஏறிப் பாருங்கள். பாடாத ரேடியோ ஒன்று இருக்கும். சுற்றாத மேசை விசிறி இருக்கும். அடி கழன்ற மிக்சி இருக்கும். அட்டைப் பெட்டிக்குள் பழைய செல்போன் இரண்டு கிடக்கும். அவற்றின் ஒயர்கள் பின்னிக் கிடக்கும்.

எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. சில தவணையில் வாங்கியவை. தவணை முடியும் முன்பே பரணுக்குப் போனவையும் உண்டு.

இவை எல்லாம் உண்மையிலேயே முடிந்து போனவையா? தூக்கிப் போட்டால் எங்கே போகின்றன? யாரிடம் போகின்றன? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முன்பு எப்படி இருந்தோம்?

நம் பாட்டிமார் அம்மியில் அரைத்தார்கள். அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிடும். மிளகாய் அரைபடாது. அதற்காக அம்மியைத் தூக்கிப் போட்டார்களா? இல்லை. தெருவில் ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். உளியால் அம்மியைக் கொத்திக் கொடுப்பார். மறுநாள் சட்னி பழையபடி அரைபடும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஒருவர் வருவார். அரிவாளுக்குச் சாணை பிடிக்க ஒருவர் வருவார். குடைக் கம்பி ஒடிந்தால் மாற்ற ஒருவர் வருவார். பாய், செருப்பு, பூட்டு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை இதுதான் வழக்கம். பொருள் பழுதானால் முதலில் தேடியது பழுது பார்ப்பவரை. கடைக்காரரை அல்ல.

இன்று அம்மி இருந்த இடத்தில் மிக்சி இருக்கிறது. மிக்சி நின்றால் என்ன செய்கிறோம்? "பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கு" என்கிறது விளம்பரம். நாமும் கிளம்பிவிடுகிறோம்.

பொருள் ஏன் நிற்கிறது?

ஒரு மாட்டு வண்டியின் கடையாணி கழன்றால் சக்கரம் ஓடாது. வண்டி முழுவதும் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேறு ஆணி போடுவார்கள். மின்சாரச் சாமானும் அப்படித்தான். அதற்குள் பல பாகங்கள் உள்ளன. பெரும்பாலும் ஏதோ ஒரு சிறு பாகம் கெட்டதால்தான் அது நிற்கிறது. எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. சில எடுத்துக்காட்டுகள் பார்ப்போம்.

மிக்சி: அரைக்கும்போது திடீரென்று நின்றுவிட்டதா? ஒயரைப் பிடுங்குங்கள். ஜாரை எடுத்துவிட்டு மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். பல மிக்சிகளின் அடியில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். சுமை அதிகமானால் மோட்டார் எரியாமல் காப்பது அதுதான். சில நிமிடம் ஆற விட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். ஜாரில் உள்ளதில் பாதியை எடுத்துவிட்டு ஓட விடுங்கள். பல நேரம் மிக்சி ஓடிவிடும். மோட்டார் சத்தம் கேட்கிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளரைப் பாருங்கள். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் சிறு பல் சக்கரம் அது. தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

மின்விசிறி: மெதுவாகச் சுற்றுகிறதா? "உம்" என்று சத்தம் மட்டும் வருகிறதா? பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். விரல் அளவே உள்ள பாகம் அது. எலக்ட்ரீஷியன் சில நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

ரிமோட்: வேலை செய்யவில்லையா? பேட்டரிக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். கம்பியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள். புதுக் கட்டை போடுங்கள். ரிமோட்டை செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். பல செல்போன்களின் திரையில் ஒரு சிறு வெளிச்சம் தெரியும். தெரிந்தால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. ரேடியோவுக்கும் டார்ச்சுக்கும் இந்தக் களிம்புதான் பெரிய எதிரி. நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் கட்டையைக் கழற்றி வையுங்கள்.

செல்போன்: சார்ஜ் ஏறவில்லையா? முதலில் வேறு ஒயர் போட்டுப் பாருங்கள். பிறகு ஓட்டையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சும் தூசியும் அங்கே அடைத்துக்கொள்ளும். சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறதா? அது பேட்டரியின் வயது. சுமார் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் பேட்டரியின் பலம் குறையத் தொடங்கும். பேட்டரியை மாற்றினால் போன் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். தண்ணீரில் விழுந்துவிட்டதா? உடனே அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள். துடைத்துக் காற்றாட வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம். அரிசித் தூசி உள்ளே போய்விடும்.

டிவி: 2012-ல் பெரிய நகரங்களில் கேபிள் ஒளிபரப்பு முறை மாறியது. பிறகு நாடு முழுவதும் மாறியது. "இனி பழைய டிவி ஓடாது" என்று பலர் பயந்தார்கள். டிவியோடு ஒரு பெட்டியை இணைத்தார்கள். அதே டிவி ஓடியது. காலம் மாறினால் பொருளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

படிக்கத் தெரிந்தால் பணம் மிஞ்சும்

எங்கள் மையத்தில் படிக்கும் ஓர் அக்காவின் மிக்சி நின்றுபோனது. வாங்கி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. "மோட்டார் எரிந்துவிட்டது. பழசுக்கு 300 ரூபாய் தருகிறேன்" என்றார் கடைக்காரர். அக்கா வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைத் தேடினார். உள்ளே உத்தரவாத அட்டை இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. எண்களை மட்டும் அவரே படித்தார். ஓர் இடத்தில் 2 என்று இருந்தது. இன்னோர் இடத்தில் 5 என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டார். மிக்சிக்கு 2 ஆண்டு, மோட்டாருக்கு 5 ஆண்டு உத்தரவாதம் என்று அந்தப் பெண் சொன்னாள். மோட்டாரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

மூன்று ஆண்டுகளாக அந்த அட்டை வீட்டிலேயே இருந்தது. படிக்க ஆள் இல்லாமல் இருந்தது.

ஆகவே எந்தப் பொருள் வாங்கினாலும் பில் கேளுங்கள். பில்லில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ரேஷன் அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள்.

பழுது பார்க்கும் கடையில்

கடையில் எப்படிப் பேசலாம்? ஓர் உரையாடலைப் படிப்போம்.

"அண்ணே, மிக்சி ஓடலை. என்னன்னு பாருங்க."

"வச்சுட்டுப் போங்க அக்கா. நாளைக்கு வாங்க."

"சரி. பிரிச்சுப் பார்த்துட்டு எது போயிருக்குன்னு போன்ல சொல்லுங்க. எவ்வளவு ஆகும்னும் சொல்லுங்க. நான் சரின்னு சொன்ன பிறகு மாத்துங்க."

"ஆகட்டும்."

"கழட்டின பழைய சாமானை எனக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"என்ன அக்கா, என் மேல சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல அண்ணே. எது போச்சுன்னு நானும் தெரிஞ்சுக்கணும். ஒரு சீட்டுல தேதி, சாமான் பேரு, காசு எல்லாம் எழுதிக் கொடுங்க."

"எழுதித் தர்றேன். நீங்க படிப்பீங்களா?"

"இப்பப் படிக்கிறேன்."

இந்த அக்கா நான்கு காரியம் செய்தார். எது கெட்டது என்று கேட்டார். எவ்வளவு ஆகும் என்று முன்பே கேட்டார். பழைய பாகத்தைக் கேட்டார். எழுதி வாங்கினார். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். அதே சாமான் ஒரு மாதத்தில் மறுபடி கெட்டால் அந்தச் சீட்டு பேசும்.

கணக்குப் போடுவோம்

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்.

புதிய மிக்சி: 3,000 ரூபாய்.
பழசுக்குக் கழிவது: 300 ரூபாய்.
கையிலிருந்து போவது: 2,700 ரூபாய்.
பழுது நீக்கும் செலவு: 250 ரூபாய்.
மிச்சம்: 2,700 - 250 = 2,450 ரூபாய்.

250 ரூபாயை நம் ஊர் மெக்கானிக் வாங்குகிறார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

ஆனால் எல்லாப் பழுதையும் பார்க்கத்தான் வேண்டும் என்பதில்லை. புதிய பொருளின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் யோசியுங்கள். மிகப் பழைய ஃபிரிட்ஜ் மின்சாரத்தை அதிகம் குடிக்கும். மாதா மாதம் கரண்டு பில்லிலேயே காசு போய்விடும். அதையும் கணக்கில் சேருங்கள். மிகப் பழைய செல்போனுக்குக் கம்பெனி பாதுகாப்பு மாற்றங்கள் அனுப்புவதை நிறுத்திவிடும். அதில் வங்கிப் பணம் அனுப்ப வேண்டாம். பேச, பாட்டுக் கேட்க, பிள்ளைகள் பாடம் பார்க்க அது இன்னும் உதவும்.

எதைத் தொடக் கூடாது?

ஒயரைப் பிடுங்காமல் எதையும் திறக்காதீர்கள். துடைக்கவும் வேண்டாம்.

பெரிய முதுகு உள்ள பழைய டிவியைத் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். உயிரைப் பறிக்கும்.

செல்போன் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள். குத்தாதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். அது தீப்பிடிக்கும். உடனே கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

சார்ஜர் வாங்கும்போது அரசின் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான போலிச் சார்ஜர் போனையும் கெடுக்கும், வீட்டையும் எரிக்கும்.

தூக்கிப் போட்டால் எங்கே போகிறது?

பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். அவர் பெரிய வியாபாரியிடம் விற்கிறார். அங்கிருந்து லாரியில் ஏறுகிறது. பெரும்பகுதி போய்ச் சேரும் இடங்களில் ஒன்று தில்லியின் வடகிழக்கில் உள்ள சீலம்பூர். நாட்டின் பெரிய மின் கழிவுச் சந்தைகளில் ஒன்று அது. அங்கே கம்ப்யூட்டரும் டிவியும் செல்போனும் மலைபோல் குவிந்திருக்கும். ஓடும் பாகங்களைக் கழற்றி மறுபடி விற்கிறார்கள். இது நல்ல வேலை. நம் ஊர் மெக்கானிக்குக் கிடைக்கும் பழைய பாகங்களில் சில இப்படி வருபவைதான்.

மீதி என்ன ஆகிறது? செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். தங்கத்துக்காகப் பச்சை அட்டைகளை அமிலத்தில் முக்குகிறார்கள். பெண்களும் சிறுவர்களும் வெறுங்கையால் பிரிக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் என்ற ஊர் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கும் இந்த அட்டைகளை எரித்தார்கள். சாம்பலைச் சலித்து ராம்கங்கை ஆற்றங்கரையில் கழுவினார்கள். ஆற்று மண்ணில் நச்சு உலோகங்கள் கலந்தன.

பழைய டிவியின் கண்ணாடியில் கிலோக் கணக்கில் ஈயம் இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஒயர் எரியும் புகை நெஞ்சைக் கெடுக்கும். நாம் எடைக்குப் போட்ட ரேடியோ இன்னொரு தாயின் பிள்ளை மூச்சில் புகையாகப் போகிறது. அந்தத் தொழிலாளிகள் மேல் குற்றம் இல்லை. பிழைக்க வேறு வழி இல்லாமல் செய்கிறார்கள்.

2021-22-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சேர்ந்த மின் கழிவு சுமார் 16 லட்சம் டன் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது. ஒரு லாரியில் 10 டன் ஏற்றினால் 1 லட்சத்து 60 ஆயிரம் லாரி வேண்டும்.

அந்தக் குப்பையில் தங்கமும் இருக்கிறது. கர்நாடகத்தில் கோலார் தங்க வயலை அறிவீர்கள். அங்கே பூமிக்குள் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தார்கள். வேலை செய்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். 2001-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் ஒரு டன் தாதுக் கல்லில் சில கிராம் தங்கமே கிடைத்தது. ஒரு டன் பழைய செல்போனில் அதைவிடப் பல மடங்கு தங்கம் இருக்கிறது. உயிரைக் கொடுத்து எடுத்த பொருளைக் குப்பையில் போடலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

மின் கழிவுக்கு நம் நாட்டில் தனி விதிகள் உண்டு. முதல் விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பொருளைச் செய்து விற்ற கம்பெனிக்கே பொறுப்பு என்பது இவற்றின் சாரம். பழையதாகிப் போனதை முறையாக மறுசுழற்சி செய்ய அந்தக் கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

உங்கள் சார்ஜரின் பின்பக்கம் பாருங்கள். சக்கரம் வைத்த ஒரு குப்பைத் தொட்டிப் படம் இருக்கும். அதன் மேல் குறுக்குக் கோடு போட்டிருக்கும். "இதைச் சாதாரணக் குப்பையில் போடாதே" என்று பொருள். இதுவும் ஓர் எழுத்துதான். படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி. சில கம்பெனிகள் பேட்டரியைப் பசை வைத்து ஒட்டிவிடுகின்றன. உதிரிப் பாகம் தருவதில்லை. புதுசு வாங்கட்டும் என்பதே எண்ணம். இதற்கு எதிராகப் பல நாடுகளில் மக்கள் குரல் கொடுக்கிறார்கள். நம் மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று "பழுது நீக்கும் உரிமை" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அன்று தேசிய நுகர்வோர் தினம். பழுது நீக்கும் முறை, உதிரிப் பாகம், உத்தரவாதம் பற்றிக் கம்பெனிகள் தரும் செய்திகள் அதில் உள்ளன. வீட்டில் இணையம் பார்க்கத் தெரிந்த பிள்ளையைத் தேடித் தரச் சொல்லுங்கள்.

உத்தரவாதக் காலத்தில் கம்பெனி பழுது நீக்க மறுத்தால் 1915 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். பேசும்போது பில் கையில் இருக்கட்டும்.

உண்மையிலேயே முடிந்துவிட்டால்?

முதலில், வேறு யாருக்காவது பயன்படுமா என்று கேளுங்கள். நமக்குப் போதாத போன் இன்னொருவருக்குப் போதும். கொடுக்கும் முன் சிம் கார்டை எடுத்துவிடுங்கள். படங்களையும் எண்களையும் அழித்துவிடுங்கள்.

பழைய போனை வாங்குவதாக இருந்தால் பில் கேளுங்கள். போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் ஒன்று வரும். பில்லில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை என்றால் திருட்டுப் போனாக இருக்கலாம்.

யாருக்கும் பயன்படாது என்றால் உடைக்காதீர்கள். எரிக்காதீர்கள். கம்பெனியின் சேவை மையத்திலோ, நகராட்சியின் மின் கழிவுச் சேகரிப்பு இடத்திலோ முழுதாகக் கொடுங்கள். ஊரில் அப்படி ஓர் இடம் இல்லையா? நாலு வீட்டுச் சாமானை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். நகரத்துக்குப் போகும் ஒருவர் எடுத்துப் போகட்டும். உப்பிய பேட்டரியை மட்டும் அந்தப் பையில் போடாதீர்கள்.

நினைவில் வைப்போம்

1. நின்றதும் எறியாதே. எது கெட்டது என்று பார்.
2. பில்லும் அட்டையும் பத்திரம்.
3. விலையைக் கேட்டுவிட்டுப் பழுது பார்க்கச் சொல்.
4. உப்பிய பேட்டரியைத் தொந்தரவு செய்யாதே.
5. எரிக்காதே, உடைக்காதே. முறையாகக் கொடு.

படித்தோம், பதில் சொல்வோம்

1. மிக்சியின் அடியில் உள்ள பொத்தான் எதற்கு?
2. மோட்டாருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று அக்கா எப்படித் தெரிந்துகொண்டார்?
3. சீலம்பூர் எந்த நகரத்தில் உள்ளது? அங்கே நடக்கும் நல்ல வேலை எது? கெட்ட வேலை எது?
4. 1915 என்ற எண் எதற்கு?

எழுதிப் பார்ப்போம்

உத்தரவாதம், கண்டன்சர், கழிவு, நுகர்வோர், பழுது.

கணக்கு

புதிய மின்விசிறி 1,800 ரூபாய். கண்டன்சர் மாற்ற 150 ரூபாய். மாற்றினால் மிச்சம் எவ்வளவு?

கூடிப் பேசுவோம்

உங்கள் தெருவில் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் யார் யார்? ரேடியோ பார்ப்பவர், விசிறி பார்ப்பவர், செல்போன் பார்ப்பவர், தையல் மெஷின் பார்ப்பவர் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பெயர், தொழில், கடை இருக்கும் இடம் என்று மூன்று கட்டம் போடுங்கள். அவர்கள் சம்மதித்தால் அதை மையத்தின் சுவரில் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பொருளை எடுத்து வாருங்கள். அவர்களில் ஒருவரை மையத்துக்கு அழையுங்கள். எந்தப் பாகம் போயிருக்கிறது என்று அவர் காட்டட்டும். எத்தனை பொருள் மறுபடி ஓடின என்று பலகையில் எழுதுங்கள்.